தட்டினதும் ஒற்றிக்கொண்டதும்

ஜூடோ கிளப் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நாற்றம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வீரம், கட்டுப்பாடு, ஒழுக்கம் என்று ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவார்களே, அதெல்லாம் அப்புறம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த கோடவுன்தான் எங்கள் கிளப். பக்கத்துக் கொல்லையில் பட்டு நூலை சோடா உப்பும் சோப்பும் போட்டு அவிப்பார்கள். புழுவின் பசை கரைந்த அந்தக் கொழகொழத் தண்ணீர் கோடவுனை ஒட்டிய சாக்கடையில்தான் ஓடும். கல்யாணப் பெண் கட்டிக்கொண்டு மணையில் உட்காருகிற பட்டு இப்படி நாறிக்கொண்டுதான் பிறக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நாங்கள் அந்த நாற்றத்தில் மூச்சை இழுத்து விட்டு உடற்பயிற்சி செய்தோம்.

விழுவதற்குப் போட்டிருந்த மெத்தை அதைவிடக் கேவலம். கோணிச் சாக்குகளில் வைக்கோலையும் கழிவு நூலையும் அடைத்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தித் தைத்தது. மழைக்காலத்தில் உள்ளே ஊறி மக்கிப்போகும். ஒரு தடவை எலி அதற்குள் குட்டி போட்டிருக்கிறது. தெரியாமல் அதன் மேலேயே ஒரு வாரம் புரண்டிருக்கிறோம். வாடை தாங்க முடியாமல் தையலைப் பிரித்துப் பார்த்த அன்று ஒருவன் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். போதாக்குறைக்கு அரிக்கிற படை வேறு. ஒருவன் தொடையில் வந்தால் மறுவாரம் எல்லோர் தொடையிலும் வரும். கிளப் என்றால் ஒற்றுமை வேண்டும் அல்லவா, படையில் அந்த ஒற்றுமை எங்களுக்குப் பூரணமாக இருந்தது.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். நான் அப்போது அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. சொல்லிக் கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், அங்கே கற்றுக்கொண்டாராம். அவரை மாஸ்டர் என்போம். கோடவுனை இலவசமாக விட்டவர் பட்டுக் கடை முதலாளி. அதற்குக் கைம்மாறாக அவர்தான் கிளப்புக்குத் தலைவர். போர்டில் ஜூடோ என்கிற எழுத்தைவிட அவர் பெயர் பெரிதாக இருக்கும். ஜூடோவில் எந்தக் காலை முதலில் வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் யார் எதைச் சாதித்தாலும் மாலை மட்டும் அவர் கழுத்தில் விழும்.

ஜூடோவுக்கு மேலே போடும் தடித்த சட்டையை மாஸ்டர் ஜாக்கெட் என்பார். ஊரில் கிடைக்காது. காடாத் துணி வாங்கி, பெண்களுக்கு ரவிக்கை தைக்கிற தையல்காரரிடம்தான் கொடுத்தோம். அவர் பழக்க தோஷத்தில் அக்குளைப் பிடித்துத் தைத்துவிட்டார். கையைத் தூக்கினால் டர்ரென்று கிழியும். தெருவில் பெண்கள் விடுவார்களா? "இன்னாபா, ஜாக்கெட்டு போட்டுக்கினு எங்க போறீங்கோ, வளைகாப்புக்கா?" என்பார்கள். முதல் தேர்வில் தேறி மஞ்சள் பெல்ட் வாங்கியபோது, "பையனுக்கு மஞ்ச நீராட்டு முடிஞ்சிடிச்சி" என்று சிரித்தார்கள். அந்தப் பெல்ட்டையும் இங்கேயே சாயம் போட்டுத்தான் கட்டினோம். பட்டுக்கு ஒட்டுகிற சாயம் பருத்திக்கு ஒட்டவில்லை. வியர்வை பட்டதும் இடுப்பெல்லாம் மஞ்சள் ஓடி, காமாலை கண்டவன் மாதிரி வீட்டுக்குப் போனோம்.

கிளப் ஆட்களின் வீட்டில் நல்லது நடந்தால் எல்லோரும் ஜாக்கெட்டும் பெல்ட்டுமாகப் போய் மேடையில் வரிசையாக நிற்க வேண்டும் என்று முதலாளி ஒரு வழக்கம் வைத்தார். கல்யாணம், காதுகுத்து, வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது எல்லாவற்றுக்கும் இதே கண்றாவி. நடுவில் அவர், இரண்டு பக்கமும் நாங்கள், ஒரு போட்டோ. ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டு, "ரசம் ஆச்சாபா? பந்திய வுட்லாமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. முதலாளிக்கு அதெல்லாம் காதில் விழாது. போட்டோக்காரனுக்குத் தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

என்னுடன் ஜோடியாகப் பழகியவன் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. என் வயதுதான். குழித் தறியில் உட்கார்ந்து காலால் மிதித்து மிதித்து அவன் பாதத்துக்கு ஒரு தனிப் புத்தி வந்திருந்தது. எதிராளி எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுகிற அந்த நொடியில், கண்ணால் பார்க்காமலே, பாதத்தால் தட்டி விழுத்திவிடுவான். எத்தனையோ தடவை என்னை அப்படி விழுத்தியிருக்கிறான். எழுந்து திட்டுவேன். "நீ இன்னாபா, மூட்ட மாரி நிக்கிற" என்று சிரிப்பான்.

அவன் மனைவிக்கு வாய் அதிகம். எனக்குப் பிடித்த வாய். எங்கள் ஜாக்கெட்டைப் பார்த்து வளைகாப்பா என்று முதலில் கேட்டவளே அவள்தான். கிழிந்த அக்குளை அவள்தான் ஒட்டுப் போட்டுத் தைத்துத் தருவாள். தைத்துக்கொண்டே, "இத்த கட்டிக்கினு பொரள்றதுக்கு, அந்த நேரத்துல ஒரு சாண் நெய்யலாம்" என்பாள். அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. அதில் முக்கால்வாசி தறி. மழை பெய்தால் தறிக் குழியில் தண்ணீர் ஊறும். அவன் அதை மொண்டு ஊற்றிவிட்டு, ஈரத்திலேயே காலைத் தொங்கப் போட்டு நெய்வான்.

தறியில் ஏற்றுகிற நீள நூலைப் பாவு என்பார்கள். அவனுக்குப் பாவு கொடுத்தவர் வேறு யாருமில்லை, எங்கள் தலைவரான அதே முதலாளிதான். பாவும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து வரும். நெய்து புடவையாகக் கொண்டு போய்க் கொடுத்தால் கூலி. சேலையில் ஒரு இழை பிசகினால் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்பார். அந்த மௌனத்துக்கு நாலு அறை வாங்கிவிடலாம் என்பான் இவன். அவருக்குக் கோபம் வந்தால் அடுத்த பாவு வராது. பாவு வராவிட்டால் தறி சும்மா கிடக்கும், அடுப்பும் சும்மா கிடக்கும். இவ்வளவுதான் விஷயம்.

இந்த நிலையில்தான் மெட்ராஸ் பக்கத்து பாக்டரி ஒன்றில் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை தருகிறார்கள் என்று மாஸ்டர் சேதி கொண்டுவந்தார். மாநிலப் போட்டியில் ஜில்லா சார்பில் விளையாடியவன் என்றால் போதும், ஜெயிக்கக்கூட வேண்டாம், பாக்டரி கேட்டுக்குள் விட்டுவிடுவார்கள். என் நெசவாளி நண்பன் அன்றிலிருந்து மனிதனாக இல்லை. நெய்வான், வருவான், விழுவான், எழுவான். "ஷிப்ட் வேலபா. மணியடிச்சா வெளிய வந்துடலாம். நம்ம ஊட்டுக்குள்ள தறி இல்லாம ஒரு கட்டில் போட்டு படுக்கலாம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். கட்டிலைப் பற்றி அவன் அளவுக்கு ஆசையாகப் பேசின ஒருவனை நான் பார்த்ததில்லை.

அவன் எடைப் பிரிவில் ஒரே ஒரு இடம். அதற்கு எங்கள் கிளப்பில் இருந்து இரண்டு பேர். ஒருவன் இவன். இன்னொருவன் முதலாளியின் மகன். சின்ன முதலாளி பயிற்சிக்கு வந்த நாள்களை விட வராத நாள்கள்தான் அதிகம். வந்தாலும் மெத்தை நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாறியது அவன் அப்பாவின் கோடவுன்தான். இருந்தாலும் அவன் இடுப்பில் எங்கள் எல்லோருக்கும் முன்னால், மஞ்சளுக்கு மேற்பட்ட பச்சை பெல்ட் ஏறியிருந்தது. மெட்ராஸில் வாங்கியது, சாயம் போகாதது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஜூடோவில் பிடி தாங்காவிட்டால் எதிராளியையோ தரையையோ இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் தோற்றேன் என்று அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும். நம் ஊர்க்காரனுக்கோ, யார் மேலாவது கால் பட்டால் கை தானாகப் போய் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து பழகியது. ஆரம்பத்தில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! காலால் தட்டி விழுத்தச் சொல்லிக் கொடுத்தார் மாஸ்டர். தட்டுவோம், உடனே குனிந்து எதிராளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவன் அதைத் தோல்வி என்று நினைத்துப் பிடியை விட்டுவிடுவான். அவன் கால் நம் மேல் பட்டால் அவன் ஒற்றிக்கொள்வான். மெத்தை முழுக்க ஆளுக்கு ஆள் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். "டேய், இது இன்னா கோயிலா? கும்புடறதுன்னா பாய்க்கு வெளிய போயி கும்புடு!" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார்.

கத்திக் கத்தி அந்தப் பழக்கத்தை எங்களிடமிருந்து பிடுங்கி எடுத்துவிட்டார். எனக்கு எவ்வளவு தூரம் போயிற்று என்றால், பஸ்ஸில் ஒரு பெரியவர் காலை மிதித்துவிட்டு நான் பாட்டுக்கு நின்றேன். அவர் என்னைத் திட்டின திட்டு இன்றும் காதில் இருக்கிறது. என் நண்பனுக்கும் போய்விட்டது. என் மூக்கிலேயே அவன் குதிகால் பட்டிருக்கிறது, என்னைத் தொட்டானா? "நவுந்து படுபா" என்றான். அவ்வளவுதான்.

ஜில்லாவுக்கு ஆள் எடுக்கிற தேர்வுப் போட்டிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு நடுவர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கோடவுனைக் கழுவி, ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தோம். சாக்கடை வாடையும் ஊதுவத்தியும் கலந்து இன்னும் மோசமாக இருந்தது. முதலாளி மெத்தையை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வழக்கம்போல மாலை. போட்டியே நடக்கவில்லை, அதற்குள் என்ன மாலை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆரம்பித்த உடனேயே தெரிந்துவிட்டது. சின்ன முதலாளி இவன் ஜாக்கெட்டைப் பிடித்துத் தொங்கினானே தவிர வேறு எதுவும் செய்யவில்லை. இவன் பாதம் ஒரு தட்டுத் தட்டியது. அவன் ஒருக்களித்து விழுந்தான். முழுசாக முதுகில் விழாததால் ஆட்டம் நிற்கவில்லை. இவன் மேலே விழுந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டான். எழவிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்தால் வெற்றி. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை வற்றிவிட்டது. மனசுக்குள் அவன் வீட்டில் கட்டிலையே போட்டுவிட்டேன்.

கீழே கிடந்தவன் புழு மாதிரி நெளிந்தான். இவன் பிடியை விடாமல் இடுப்பைத் திருப்பிக் காலை மாற்றினான். மாற்றுகிறபோது குதிகால் போய்ச் சின்ன முதலாளியின் வாயில் பட்டது. உதட்டில் ரத்தம். அவ்வளவுதான், இவன் கை பிடியை விட்டது. அவன் தோளைத் தொட்டது, கண்ணில் ஒற்றியது, மறுபடி தோளைத் தொட்டது. என் மூக்கை உதைத்தபோது வராத கும்பிடு! எங்கே இருந்து வந்தது அது? மாஸ்டர் பிடுங்கிப் போட்டதாக நினைத்ததெல்லாம் உள்ளேதான் கிடந்திருக்கிறது, முதலாளி வீட்டுக்காக.

"தட்டிட்டான் சார்! தட்டிட்டான்!" என்று சின்ன முதலாளி ரத்த வாயோடு கத்தினான்.

நடுவர் நிறுத்தினார். அவரும் தமிழர்தானே, பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. ரத்தம் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் புண்ணியவானுக்கும் புரிந்துதான் இருந்தது. நடுவர் இவன் பக்கம் திரும்பி, நிதானமாக, "தம்பி, நல்லா யோசிச்சி சொல்லு. நீ தோத்துட்டேன்னு தட்டினியா, கால் பட்டுடிச்சேன்னு ஒத்திக்கினியா? ஒத்திக்கினதுன்னா ஆட்டத்தை மறுபடி வுடறேன்" என்றார்.

ஒரு வார்த்தை. ஒத்திக்கினேன் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நடுவரைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தான். முதலாளி சேலையில் இழை பிசகினால் எப்படி நிற்பாரோ அப்படி உட்கார்ந்திருந்தார். "கேக்கறாரு இல்ல, சொல்லுபா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"தட்டிட்டேன் சார்" என்றான் இவன்.

"பொய் சார்! பச்சப் பொய்!" என்று நான் மெத்தை மேலே ஏறிவிட்டேன். நடுவர், "அவரே சொல்றாரு, நீங்க யாரு சார் நடுவுல?" என்றார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். கும்பிடாதே கும்பிடாதே என்று தொண்டை கிழியக் கத்தின மனிதர் தார்ப்பாயில் ஒரு தையல் பிரிந்திருப்பதை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். த்தூ!

வெளியே குழாயடியில் அவனைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். உனக்கெல்லாம் ரோஷமே கிடையாதா, மானம் மரியாதை கிடையாதா, அந்தக் கையை வெட்டிப் போடு என்றெல்லாம் சொன்னேன். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நான் ஒத்திக்கினேன்னு சொல்றேன். ஜெயிக்கிறேன். மெட்ராஸ்ல போயி எவனோ தூக்கி அடிக்கிறான். பாக்டரிக்காரன் வேல குடுக்கிறானோ இல்லியோ. அப்புறம் திரும்பி எங்க வரணும்? அவரு புள்ள மூஞ்சில கால வெச்சவனுக்கு பாவு குடுப்பாரா?"

"அதுக்காக?" என்றேன்.

"உனக்கு ஒண்ணாந் தேதி ஆனா சம்பளம் வந்துடுது. நீ துப்புவ" என்றான். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் அவன் சைக்கிளை எட்டி உதைத்துவிட்டு வந்தேன்.

சின்ன முதலாளி மாநிலப் போட்டிக்குப் போனான். முதல் ஆட்டத்திலேயே கண் மூடித் திறப்பதற்குள் தூக்கி அடித்துவிட்டார்களாம். இருந்தும் ஜில்லா சார்பில் ஆடினவன் ஆயிற்றே, பாக்டரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஊரெல்லாம் போஸ்டர், கிளப்பில் விழா, நாங்கள் ஜாக்கெட்டோடு வரிசையில். கடைசியில் அவன் போனானா? போகவில்லை. "என் புள்ள சங்கு ஊதினா டிபன் பாக்ஸ தூக்கிக்கினு ஓடறதா? நல்லா இருக்குதே கத" என்று முதலாளி கடையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அந்த இடம் யாருக்கும் இல்லாமல் அப்படியே போயிற்று. நாய்க்குப் போட்ட சோற்றையாவது நாய் தின்னும். இது அதுவும் இல்லை. மறு வருஷம் பாக்டரியில் ஜூடோவுக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நான் கிளப்புக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். இவனோடு பேச்சும் குறைந்துவிட்டது. பார்த்தால் அவன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. அவனுக்குத் தடையில்லாமல் பாவு வந்துகொண்டிருந்தது. முதலாளி இப்போது நல்ல ஜரிகைச் சேலையாகப் பார்த்துக் கொடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். 

சின்ன முதலாளிக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, காதுகுத்து வந்தது. தவறாமல் வரச் சொல்லி மாஸ்டரே வீட்டுக்கு வந்து சொன்னதால் போனேன். சத்திரத்து முற்றத்தில் ஜமுக்காளத்தின் மேல் நாலு மெத்தை போட்டிருந்தது. விருந்தாளிகள் பார்க்கச் சின்ன முதலாளி ஜூடோ செய்து காட்டப்போகிறானாம். இப்போது அவனுக்குத் தொப்பை வேறு. ஜாக்கெட் முன்னால் மூடவில்லை. விழுவதற்கு ஆள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. என் நண்பன் ஏற்கெனவே மெத்தை மேல் நின்றுகொண்டிருந்தான். அக்குளில் அவன் மனைவி போட்ட ஒட்டுப் பளிச்சென்று தெரிந்தது.

என்னமாய் விழுந்தான்! சின்ன முதலாளி தோளைத் தொட்டதுதான் தெரியும், இவன் ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் படீரென்று விழுவான். வலது பக்கம், இடது பக்கம், தலைக்கு மேலாக. விழுந்த வேகத்தில் எழுந்து வந்து மறுபடி விழுவான். அவன் தானாகவே தாவி விழுகிறான் என்று கிளப்பில் ஒரு மாதம் இருந்தவனுக்கும் தெரியும். பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பிள்ளையை மடியில் வைத்திருந்த முதலாளி அதன் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே குமட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கோடவுன் சாக்கடையில்கூட எனக்கு இப்படி வந்ததில்லை.

பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு எதிர் வரிசையில் அவனுக்கு இடம் கிடைத்தது. அவன் மனைவி இலை போட்டுக்கொண்டு வந்தாள். விருந்தாளியாக வந்தவளில்லை, வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் முன்னால் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். சிரிக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள்.

"கேளும்மா."

"இத்தினி வருசமா அந்த நாத்தத்துல கெடந்து பொரண்டீங்களே. அந்த கிளப்புல இவருக்கு வுழறதுக்கு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டாள். சோறு வந்தது, பருப்பு வந்தது, சாம்பார் வந்தது.  இலையை மடித்துவிட்டு எழுந்தேன். எதிர் வரிசையில் அவன் கையைக் காட்டி, இரண்டாவது தடவையாகச் சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தான்.